அகலமும் வேகமும்

எஞ்சின் எவ்வளவு நல்லதாயினும் தண்டவாளத்தின் அகலம் மாறிவிட்டால் அது ஓடாது. இது விழுப்புரத்துக்காரர்கள் கண்ணாரக் கண்ட உண்மை. 1960களில் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம்வரை மீட்டர் பாதையில் மின்சார எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. 1,000 மில்லிமீட்டராயிருந்த அப்பாதை பின்னாளில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையானபோது, பழுதில்லாத எஞ்சின்களுக்கும் அதில் வேலையில்லாமற் போயிற்று.

அண்மையில் திண்டிவனத்திலுள்ள என் தங்கை மகளுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுத்துக் குடும்பத்தைத் தாங்குபவள் அவள். பழைய கணிப்பொறியின் வேகம் வேலைக்குப் போதாமையால், கடன் பெற்றுப் புதிய மதர்போர்டும் பிராசசரும் வாங்கினாள். அந்தப் பிராசசர் தானாகத் திரையில் படம் காட்டாது; தனியே கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கையிலிருந்ததோ 2014இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ. “இது பழசு, புது போர்டுக்குச் சேராது” என்றார் கடைக்காரர். புதியது வாங்கப் பணமில்லை. “அவர் சொல்வது சரிதானா, மாமா?” என்று கேட்டாள்.

இங்கு வயதைக் கேட்பதில் பயனில்லை; பாதையின் அகலத்தையே கேட்கவேண்டும். 1997இல் வந்த ஏஜிபி வகைக் கார்டாயின் கடைக்காரர் சொல்லே சரி. 2003இல் அறிமுகமான பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் முற்றிலும் வேறு பாதை. ஆனால் அதன்பின் வந்த பதிப்புகள் வேகத்தைக் கூட்டினவேயன்றி அகலத்தை மாற்றவில்லை. மூன்றாம் பதிப்புக் கார்டை நான்காம் பதிப்புச் செருகுவாயில் பொருத்தினால், புதியது தன் வேகத்தைத் தணித்துக்கொண்டு பழையதோடு இசைந்து போகும். வலியது இறங்கி வருவதால்தான் எளியதற்கு அங்கே இடமுண்டாகிறது.

எனினும் வாய் பொருந்தினால் மட்டும் போதாது. வேறு மூன்றையும் பார்த்தோம். முதலாவது மின்சாரம்: அக்கார்டுக்கு வேண்டியது 60 வாட், செருகுவாயே 75 வாட்வரை தரும். இரண்டாவது இடம்: பெட்டிக்குள் அளவுகோல் வைத்து நீளம் பார்த்தோம். மூன்றாவதே பலர் மறப்பது. புதிய போர்டுகள் யூஇஎஃப்ஐ முறையில் விழித்தெழுகின்றன. அம்முறையை அறியாத பழைய கார்டு பழுதில்லாமலே இருந்தும் திரை இருண்டு கிடக்கலாம். ஆகவே, கார்டைக் கழற்றுமுன் பழைய கணிப்பொறியிலேயே ஜிபியு-இசட் என்னும் சிறு மென்பொருளால் சோதித்தோம். யூஇஎஃப்ஐ என்பதற்கு நேரே சரிக்குறி இருந்தது. அன்று மாலையே புதிய போர்டில் படம் தெளிவாக எழுந்தது.

ஆனால் பொருந்துவதற்கும் ஒரு காலவரையறை உண்டு. இவ்வகைக் கார்டுகளுக்கான முழு டிரைவர் ஆதரவை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர்வரை வருமென அறிவித்துள்ளது. இதையும் அவளிடம் மறைக்காமற் சொன்னேன். “அதற்குள் கடனை அடைத்துவிடுவேன், மாமா” என்று கூறி, பாதியில் நின்ற வீட்டு வரைபடத்தைத் திறந்தாள்.