இறக்கத்தில் நிறுத்திய ஜீப்

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் மலைப்பூண்டு போடும் நண்பர், கீழ்நாட்டிலிருந்து பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி வந்திருந்தார். காட்ரோட்டிலிருந்து முக்கல் முனகல் இல்லாமல் மலையேறிய வண்டி, மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றிலிருந்து இரவில் இறக்கத்தில் நிறுத்தி டயருக்குக் கல் கொடுக்கிறார். விடிந்ததும் கல்லை எடுத்து, உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்புகிறார். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பழைய ஜீப்புகள் பலவும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும்.

"மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார், வாங்க" என்று என்னையும் அழைத்துப் போனார். போன உடனே வேலை நடக்கவில்லை. "வண்டி சூட்டோட வந்திருக்கு, இப்ப பாத்து என்ன தெரியும்? ராத்திரி விட்டுட்டுப் போங்க" என்றார் அந்த அண்ணன்.

மறுநாள் வெயில் வருமுன் போனோம். உறைபனிக் காலம், விரல் மடங்கவில்லை. அவர் என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். "செல்ஃப் நல்லா அடிக்குது. குறை வேற எங்கயோ." டீசல் பைப்பில் ஏர் பிடித்திருக்கிறதா என்று எதையெதையோ கழற்றி மாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து டெஸ்ட் லேம்பை எடுத்தார்.

பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு ஒயர். ஒரு நுனியில் கிளிப், மறு நுனியில் கூராக்கிய சைக்கிள் கம்பி. நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் சேர்க்கும் பட்டையைக் கழற்றினார். கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டிக் கம்பியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். முதலாவது எரிந்தது. அடுத்த இரண்டும் எரியவில்லை. நான்காவது எரிந்தது. "ரெண்டு செத்துக் கிடக்கு."

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் காற்றும் குளிர்ந்த காற்று, என்ஜினின் இரும்பும் குளிர்ந்த இரும்பு. நண்பருடையது பழைய பியூஜோ என்ஜின். டீசலை முதலில் பக்கத்துச் சிற்றறை ஒன்றில் தெளிக்கும் ரகம் என்பதால் அந்த அறையை ஹீட்டர் பிளக் முன்கூட்டியே சுட வைத்தாக வேண்டும். இரண்டு பிளக் செத்திருந்தாலும் திண்டுக்கல் வெயிலில் வண்டி கிளம்பிவிடும். மேலே வந்தால்தான் குட்டு உடையும்.

அண்ணன் வத்தலக்குண்டு பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, லாரி பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் பையனாகச் சேர்ந்தார். இந்த லேம்பை அங்கே அவரே கட்டினார். பல்பு எத்தனையோ முறை மாறிவிட்டது, கம்பி அதேதான். மேஜை இழுப்பறையில் டிஜிட்டல் மீட்டரும் இருக்கிறது. "மீட்டர் வோல்ட்டக் காட்டும். ஒயர் ஒத்த இழையில தொங்கினாலும் பன்னெண்டுன்னு சொல்லும். பல்பு எரியணும்னா நெசமாவே கரண்டு ஓடணும்ணே." சொன்னதை அங்கேயே காட்டினார். லேம்பின் மறுமுனையை என்ஜினில் வைத்தபோது பளிச்சென்று எரிந்த பல்பு, பாடியில் வைத்ததும் மங்கியது. எர்த் பட்டையில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார்.

டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. ஹீட்டர் சிக்னல் விளக்கின் ஒயரை யாரோ நேராகச் சாவியோடு இணைத்திருந்தார்கள். பிளக் செத்தாலும் விளக்கு மட்டும் ஒழுங்காக எரியும். நண்பர் வண்டி பார்க்கப் போனபோது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததாம். இதற்குப் பெயர் வியாபாரமா? விற்றவரிடமும் வாங்கியவரிடமும் கமிஷன் வாங்கிய புரோக்கர், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களைத் தேதி போடாமல் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பழைய வண்டி விற்கும் டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வண்டி முடித்துக் கொடுப்பவரிடம் அந்தச் சான்றை யார் கேட்கிறார்கள்? நண்பர் வடுகப்பட்டி மண்டியில் பூண்டுக்குக் கமிஷன் கொடுக்கிறார். அதில் மிஞ்சியதை வைத்து வண்டி வாங்கினால் அதற்கும் கமிஷன். விவசாயியின் பணம் கைக்கு வரும்போதும் கரைகிறது, கையை விட்டுப் போகும்போதும் கரைகிறது. குறையைக் கண்டுபிடித்த அண்ணன் கேட்ட கூலி 300 ரூபாய். குறையோடு வண்டியை முடித்துக் கொடுத்த புரோக்கர் வாங்கியது 10,000. இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

புது பிளக்குகளை மாட்டி, சாவியை ஹீட்டரில் வைத்துக் கொஞ்சம் பொறுத்து, செல்ஃப் அடித்தார். வண்டி பிடித்துக்கொண்டது. நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் மட்டும் பின்னால் போய்ப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயில் மூடியைத் திறந்து, அங்கே வரும் ஊதலையும் கை வைத்துப் பார்த்தார்.

"ரிங்கு தேஞ்சிருக்குண்ணே. இந்தக் குளிருக்குத் தாங்கும். பூண்டு எடுத்ததும் கொண்டாங்க, என்ஜினப் பிரிச்சிரலாம்."

"எவ்வளவு ஆகும்?"

அண்ணன் சொன்ன தொகையைக் கேட்டு நண்பர் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவும் ஒரே தடவையில் வேண்டாம், பாதி இந்தப் பூண்டுக்கு, பாதி அடுத்த பூண்டுக்கு என்று அண்ணனே சொன்னார்.