மேடை இருட்டும் நம் முகங்களும்

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கும். பறை அடிப்பவரின் சட்டை தெரியும், முகம் தெரியாது. கானா பாடுபவரின் பற்களும் மைக்கும் தெரியும், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புத் திட்டு இருக்கும். இன்னொரு வகைப் படமும் வரும். அதில் எல்லோருமே நான்கு ஷேடு வெளுத்துப்போய், யாரோ வேறு ஊர்க்காரர்கள் மாதிரி நிற்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இருட்டா இருந்துச்சு தோழர்."

இருட்டு இருந்தது உண்மைதான். ஆனால் அதே மேடையில் அறிவிப்பாளரின் வெள்ளைச் சட்டையும் பின்னால் தொங்கிய பேனரும் தெளிவாக விழுந்திருக்கின்றன. அப்படியானால் பிரச்சினை இருட்டில் மட்டும் இல்லை. சில ஆண்டுகளாக நாங்கள் ஐந்தாறு பேர், வேலை நேரம் போக, மக்களிசை மேடைகளைப் படமெடுத்து வருகிறோம். பயிற்சிப் பட்டறைகளில் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், எங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறோம்.

கேமரா யாரைப் பார்க்கப் பழகியது?

கேமராவின் மீட்டர் ஒரு கணக்கில் வேலை செய்கிறது. தன் முன்னால் இருக்கும் காட்சி, மொத்தத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது வைத்துக்கொள்கிறது. இதைத்தான் பாடப்புத்தகங்களில் 18 சதவீதச் சாம்பல் என்பார்கள். பின்னணி முழுக்கக் கருந்திரை என்றால், மீட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிச்சமாக்கும். முகம் வெளுத்துவிடும். பின்னால் எல்ஈடி திரை பளிச்சென்று எரிந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் குறைக்கும். முகம் மறைந்துவிடும். இரண்டு கணக்கிலும் நடுவில் நிற்கும் மனிதரின் தோல் என்ன நிறம் என்ற கேள்வியே இல்லை.

கருவி நடுநிலையானது, மனிதர்கள்தான் பாகுபாடு பார்ப்பார்கள் என்று சொல்லுபவர்களுக்கு வண்ணப் ஃபிலிமின் வரலாறு நல்ல பாடம். 1950களிலிருந்து பல பத்தாண்டுகள், அமெரிக்காவில் பிரிண்ட் போடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்ற அட்டை வைத்திருந்தார்கள். அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். பள்ளிக் குழுப் படங்களில் கருப்பினக் குழந்தைகளின் முகம் அடையாளம் தெரியாமல் போனபோது, அதைத் தொழில்நுட்பக் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மர நாற்காலி விற்பவர்களும் சாக்லேட் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் பிரிந்து தெரியவில்லை என்று புகார் செய்த பிறகுதான் கோடாக் பழுப்பு நிறங்களைக் கவனிக்க ஆரம்பித்தது. ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த கவனம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

அதே நாட்டில், அதே கோளாறான கருவிகளோடு, ஒருவர் வேறு வழி பார்த்தார். ராய் டிகராவா நியூயார்க் நகரின் ஹார்லெமில் பிறந்த கருப்பினக் கலைஞர். 1952இல் குகன்ஹெய்ம் நல்கை பெற்றார். அதைப் பெற்ற முதல் கருப்பினப் புகைப்படக்காரர் அவர். ஜான் கோல்ட்ரேன், பில்லி ஹாலிடே போன்ற ஜாஸ் கலைஞர்களைச் சிறிய கிளப்புகளில் ஃப்ளாஷ் போடாமல், அங்கே இருந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். அவருடைய படங்கள் இருட்டானவை. ஆனால் அந்த இருட்டுக்குள் பத்து வகைக் கருப்பும் சாம்பலும் இருக்கும். கன்னத்தின் வியர்வை இருக்கும். மூடிய கண்ணின் இமை இருக்கும். கருப்பை வெளுப்பாக்காமல், கருப்புக்குள் இருக்கும் நுணுக்கத்தை அவர் அச்சில் கொண்டுவந்தார். இருட்டு மேடையைப் படமெடுக்க விரும்பும் தோழர்கள் கேமரா விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் டிகராவாவின் படங்களைத் தேடிப் பாருங்கள்.

நீல விளக்கு

நம் மேடைகளில் அடுத்த சிக்கல் விளக்கு. இப்போது எங்கே போனாலும் எல்ஈடி பார் விளக்குகள்தான். அதில் நீலமும் ஊதாவும்தான் 'மாஸ்' என்று ஒரு நம்பிக்கை. பழுப்புத் தோல் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். நீல ஒளியில் பெரும்பகுதியை மெலனின் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நீல விளக்கின் கீழ் நம் முகம் கரிக்கட்டியாகத் தெரிவதில் வியப்பில்லை. முழுச் சிவப்பு விளக்கு வேறு மாதிரித் தொல்லை. முகம் வெளிச்சமாக விழும், ஆனால் ஒரே சிவப்புப் பூச்சாக, மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அப்படியான படங்களைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் ஓரளவு காப்பாற்றலாம்.

இதற்கு நல்ல தீர்வு கேமராவில் இல்லை, விளக்குப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் இருக்கிறது. சவுண்ட் செக் நேரத்தில் போய்ப் பேச வேண்டும். ஒரு அரங்கில் நாங்கள் போய் நின்றபோது அந்த அண்ணன், "ப்ளூ போட்டாதான் தம்பி கெத்து. மூஞ்சி எதுக்கு, பாட்டுதானே கேக்க வந்திருக்காங்க?" என்றார். "அண்ணே, அவங்க அம்மா கீழ உக்காந்திருக்காங்க. பொண்ணு மூஞ்சியப் பாக்க வேணாமா?" என்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முன்பக்கக் கம்பியில் இருந்த இரண்டு விளக்குகளை மஞ்சள் கலந்த வெள்ளைக்கு மாற்றி, "பாட்டு பாடுற நேரம் மட்டும் விடுறேன். அடி வரும்போது ப்ளூதான்" என்றார். எங்களுக்கு அது போதும். அன்றைய படங்களில் முகங்கள் இருந்தன.

மைதானங்களில் நமக்கு இன்னொரு விளக்கும் உண்டு. தோல் பறையை அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சுவார்கள். மேடைக்குப் பின்னால் வைக்கோலும் அட்டைப்பெட்டிகளும் எரியும்போது சுற்றி நிற்கும் கலைஞர்களின் முகத்தில் விழும் வெளிச்சம் போல ஒன்று எந்த அரங்கிலும் கிடைக்காது. எல்லோரும் மேடைக்கு முன்னால் இடம்பிடிக்கும் அந்த இருபது நிமிடம், நாங்கள் பெரும்பாலும் பின்னால்தான் இருப்போம்.

கையில் இருப்பதை வைத்து

விலை உயர்ந்த கேமரா வேண்டியதில்லை. பழைய கேமராவும் 50 மிமீ எஃப்1.8 லென்ஸும் இருந்தால் நிறைய செய்யலாம். கேமராவோடு வரும் கிட் லென்ஸை விட மூன்று, நான்கு மடங்கு கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும். எங்கள் வழக்கம் இது: மேனுவலில் வைத்து, துளையை எஃப்2 அளவுக்குத் திறந்து, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400. படம் கொஞ்சம் பொரிபொரியாக வரும். வரட்டும். பொரி விழுந்த முகம் முகம்தான். அசைந்து கலைந்த முகத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. மீட்டரை 'ஸ்பாட்'டில் வைத்து முகத்தில் மட்டும் அளந்து பாருங்கள். கருத்த முகத்தை மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால், அது காட்டுவதைவிட அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைத்தால் உண்மையான நிறம் நிற்கும். 'ரா' கோப்பாகவே எடுங்கள்.

படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். பறைக் குச்சிகள் காற்றில் கோடாகத் தெரிய வேண்டுமென்றாலும் 1/50 நல்லது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கலைஞரின் தலை ஒரு கணம் நிற்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கணம் எப்போது வரும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

போனில் எடுப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள். பியூட்டி ஃபில்டரை முதலில் அணையுங்கள். பல போன்களில் அது கேட்காமலே வெளுத்துவிடும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்து வெளிச்சத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். நைட் மோட் பல ஃபிரேம்களை அடுக்கி ஒரு படம் செய்வதால், ஆடிப் பாடுபவர்களுக்கு அது உதவாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பாடுபவரின் கண்ணைக் கூசவைக்கும் உரிமை நமக்கு இல்லை.

எதை எடுக்கிறோம்

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், கோட்டும் சூட்டுமாக நின்ற கலைஞர்கள். அந்த உடையைப் பார்த்ததும் அண்ணல் நினைவுக்கு வராதவர் நம்மில் இல்லை. புகைப்படக்காரருக்கோ அது கடினமான பரீட்சை: அடர்நிற உடை, கருத்த முகம், இரவு. முகத்துக்கு அளந்தால்தான் முகம் கிடைக்கும்.

அதற்கு முன்பு பத்திரிகைகளில் பறைக் கலைஞர்களின் படம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இறுகிய நரம்புள்ள கை. பறைத்தோலின் க்ளோசப். புழுதி கிளப்பும் கால். அல்லது கத்தும் வாய். கைக்கும் காலுக்கும் பெயர் வேண்டியதில்லை என்பதால் கீழே பெயரும் இருக்காது. நாம் உழைக்கும் உறுப்பாகவும் கோபமாகவும் மட்டுமே படத்தில் இருந்தோம். இரண்டு பாட்டுக்கு நடுவில் சிரிப்பவராக, சுருதி சரிபார்ப்பவராக, அடுத்தவர் பாடும்போது கண்மூடிக் கேட்பவராக, ஒரு இசைக் கலைஞராக இருந்தது மிகக் குறைவு. மார்கழி சபாக்களில் பாடுபவருக்கு அந்தப் படங்கள் எல்லாம் உண்டு. 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியபோது, இந்தப் பக்கத்திலும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

முகத்தை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு 2021 ஆகஸ்ட் சாட்சி. 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற இரண்டு பாடல்களைப் பற்றிப் பேசிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாடல்களிலும் எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பலர் சேர்ந்து கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அங்கே வெளிச்சம் குறைவு என்ற சாக்கு இல்லை. ஸ்டுடியோவில் எத்தனை விளக்கு வேண்டுமானாலும் உண்டு.

காட்டாமல் வைத்திருக்கும் படம்

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் 'எல்லா முகத்தையும் காட்டுங்கள்' என்று மட்டும் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

ஒரு கல்லூரி மாணவி நன்றாகப் பறை அடிப்பவர். ஒரு சிறிய உள்ளரங்க நிகழ்ச்சியில் அவரை எடுத்த படம், நாங்கள் எடுத்தவற்றிலேயே சிறந்த ஒன்று. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, நெற்றியில் வியர்வை, உதட்டில் அடியை எண்ணும் அசைவு. பதிவிடலாமா என்று கேட்டோம். "வேண்டாங்கக்கா, வீட்டு ஓனருக்குத் தெரியாது" என்றார். என்ன தெரியாது என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த எவருக்கும் அந்த ஒரு வரி போதும்.

எனவே எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. படமெடுக்கும் முன் கேட்பது ஒன்று, வெளியிடும் முன் கேட்பது இன்னொன்று. இரண்டும் தனித்தனிச் சம்மதம். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம். முகத்தைக் காட்ட முடியாத நிலையை உண்டாக்கியது சாதி. அதன் விலையை அந்த மாணவி தலையில் சுமத்த நமக்கு உரிமை இல்லை. அவருடைய படத்தை அச்சுப்போட்டு அவரிடமே கொடுத்தோம். அது அவர் பீரோவுக்குள் இருக்கிறது. வெளியே வரும் நாளை அவர் முடிவு செய்வார்.

அச்சுப்போட்டுக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரண கானா பாடும் இடங்களில் இறந்தவரின் படத்தைக் கவனித்திருப்பீர்கள். ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டுடியோவில் வெளுப்பாக்கி, கண்ணீர் அஞ்சலி பேனரில் போட்டிருப்பார்கள். வாழ்ந்த காலத்தில் யாரும் அவரை நல்லபடியாக ஒரு படம் எடுக்கவில்லை. அந்தப் பேனருக்குப் பக்கத்தில் இரவெல்லாம் பாடும் கலைஞர்களின் நிலையும் பெரும்பாலும் இதுதான். அதனால் நீங்கள் எடுத்த படத்தில் பத்தையாவது சம்பந்தப்பட்டவருக்கு அனுப்புங்கள். ஒன்றையாவது அச்சாகக் கொடுங்கள். நிறத்தைத் தொடாதீர்கள். அவர் சம்மதித்தால் கீழே பெயரையும் வாசிக்கும் கருவியையும் எழுதுங்கள். 'பறை இசைக் குழுவினர்' என்று மொத்தமாக எழுதுவது பழைய பழக்கம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு வரும்போது ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள் தோழர்களே. விளக்கு அண்ணனிடம் பேசுங்கள், கலைஞர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கேமராவின் மீட்டரை நம்பாமல் முகத்தைப் பாருங்கள். கேமரா இல்லாதவர்கள் எங்களிடம் சொல்லுங்கள்; இரண்டு இருக்கின்றன, மாற்றி மாற்றி எடுக்கலாம்.

ஜெய் பீம்.