பில்லில் இருக்கும் பெயர்

நான் இருப்பது திண்டுக்கல்லில். பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்த ஊரில், எண் அழுத்தித் திறக்கும் டிஜிட்டல் லாக்கர் ஒன்றின் முன்னால் போன வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணை அழுத்துகிறேன், விளக்கு மங்கலாகச் சிமிட்டி அணைகிறது. உள்ளே, பத்தாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரையிலான என் அசல் சான்றிதழ்கள். திங்கட்கிழமை காலை பதவி உயர்வுக்கான சரிபார்ப்பு.

பேட்டரி கதவின் உட்புறத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தால்தான் பேட்டரி மாற்ற முடியும், பேட்டரி மாற்றினால்தான் கதவு திறக்கும். இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் அவசரச் சாவி இரண்டு தருகிறார்கள். முகப்பில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் அதற்கான துளை இருக்கும். அந்த இரண்டு சாவிகளையும், தொலைந்துவிடக் கூடாதே என்று, லாக்கருக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு லாக்கரின் அவசரச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் காலை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். "மேடம், லாக்கர் சார் பேர்ல இருக்கு. அவரோட நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னாத்தான் ஆளை அனுப்ப முடியும்" என்றாள் ஒரு சின்னப் பெண். பணம் போனது என் கணக்கிலிருந்து. ஆனால் கடையில் பில் போட்ட பையன் "சார் பேரு?" என்று கேட்டான், இவர் சொன்னார், பக்கத்தில் நின்ற நான் என் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்குமே அது உறுத்தவில்லை. லாக்கரின் ரகசிய எண்கூட அவருடைய பைக் நம்பர்தான்.

அவருக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஓடிபியைச் சொன்னார். "பேட்டரியை நீ பாத்திருக்கலாமே" என்றும் சொன்னார்.

சொல்லாமல் இருந்திருந்தால்? என்னிடம் படித்த ஒருத்தி புகுந்த வீட்டை விட்டு வந்தபோது அவளுடைய சான்றிதழ்கள் அந்த வீட்டுப் பீரோவில் மாட்டிக்கொண்டன. இரண்டு வருடம் எந்த வேலைக்கும் அவளால் விண்ணப்பிக்க முடியவில்லை. நகையும் அங்கேதான். பெண்ணின் சீதனம் அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவர் அதில் பங்காளி அல்லர், அவர் கையில் இருந்தாலும் அது நம்பி ஒப்படைத்த பொருள்தான் என்று 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். என் பேரில் ஒரு பில் வாங்கத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் பீரோ சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அம்மாவுக்கு இருந்தது சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் புருஷனுக்குத் தெரியாமல் சேர்க்கும் காசுக்கென்றே தமிழில் ஒரு சொல் இருக்கிறது என்றால், எத்தனை பெண்கள் எத்தனை காலம் சேர்த்திருக்க வேண்டும். துவரம்பருப்பு டப்பாவின் அடியில், பழைய புடவை மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால். பூட்டே இல்லாத அந்த இடங்களை முப்பது வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகுதான் அம்மா எல்லாவற்றையும் எடுத்து வந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். 23,500 ரூபாய். "இவ்ளோ ஏதுடி உனக்கு?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. பணம் அப்பாவின் கணக்கில் போடப்பட்டது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். பேட்டரி போட்ட சின்ன டப்பா ஒன்றின் வயரை முகப்பில் செருகினான், விளக்கு எரிந்தது. எண்ணை அழுத்தியதும் உள்ளே 'டிக்' என்றது, ஆனால் திருகு திரும்பவில்லை. "பின் சிக்கியிருக்கு மேடம், தட்டினா வந்துரும். சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

ஸ்பீக்கரில் இவர், "தட்டுங்க தம்பி" என்றார்.

அவன் மறுபடி எண்ணை அழுத்தி, கையை மடக்கிப் பெட்டியின் தலையில் ஒரு குத்து விட்டுத் திருகினான். திறந்துகொண்டது. மின்காந்தம் ஒன்று ஒரு சிறு பின்னை இழுத்துக்கொள்வதுதான் இந்தப் பூட்டின் மொத்த ரகசியமாம். விலை குறைந்த பெட்டிகளில் எண்ணே தெரியாமல், வெறும் குலுக்கலுக்கே அந்தப் பின் நகர்ந்துவிடுவதும் உண்டாம். எங்கள் ஊர்ப் பூட்டுக்காரர் யாராவது கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

உள்ளே சான்றிதழ்கள், வீட்டுக் கடனுக்கு அடகு போனது போக மிஞ்சிய நாலு வளையல், உறை பிரிக்காத இரண்டு சாவிகள்.

அவன் போனதும் பேட்டரியையும் எண்ணையும் மாற்றினேன். கதவின் உள்பக்கத்துச் சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுப் புது எண் கொடுத்தால் போதும். ஐந்து வருடத்தில் அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை. புது எண்ணை இவரிடமும் சொன்னேன், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான். உரிமையாளர் பெயரை மாற்ற சார் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். கேட்டிருக்கிறேன்.

ராத்திரி அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன்.

"சாவிய இப்ப எங்கடி வச்சிருக்க?"

"அரிசி டப்பாவுலம்மா."

"உன் வீட்டுல அரிசி எடுக்குறது யாரு?"

"வந்தா அவரும்தான் எடுப்பாரு."

"அப்ப வேற எடம் பாரு" என்றாள்.