ஷாப்ட்டில் பல் போனால்

"ட்ரைவ் ஷாப்ட் போயிருச்சு" என்று எங்கள் பக்கத்துக் கராஜ்களில் சொன்னால், பிஎம்டபிள்யூ ஓட்டுபவர்கள் சொல்கிற ட்ரைவ் ஷாப்ட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1923இல் வந்த ஆர்32 தொடங்கி அந்தக் கம்பனியின் பெரிய பைக்குகள் பலவற்றுக்குச் செயினே கிடையாது. ஒரு தண்டுதான் சுழன்று பின் சில்லை ஓட்டும். பதுளையில் ஓடுகிற 100 சிசி, 125 சிசி பைக்குகளுக்குச் செயின்தான். எஞ்சினின் பக்கக் கவரைக் கழற்றினால் முன் ஸ்ப்ரொக்கட் தெரியும். கியர் பெட்டிக்குள்ளே இருந்து வெளியே நீட்டிக்கொண்டு அந்த ஸ்ப்ரொக்கட்டைத் தாங்குகிற விரல் மொத்தத் தண்டு ஒன்று இருக்கிறதே, அதுதான் இங்கே ட்ரைவ் ஷாப்ட். அதைச் சுற்றி நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். எஞ்சினின் பலம் முழுவதும் அந்தச் சின்னப் பற்கள் வழியாகத்தான் செயினுக்குப் போகிறது. எங்கள் பைக்கில் தேய்ந்தது அந்தப் பல்.

நாங்கள் மூன்று பேர், பைக் ஒன்று. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில் இருக்கிறோம். காலையில் ஒருவர் பதுளை டவுனுக்கு வேலைக்கு இறங்க வேண்டும், ஒருவர் வகுப்புக்கு. மூன்றாமவர் மரக்கறி மூட்டை ஏற்றுவார். இரவில் லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இதே பைக்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். புதுசு வராத அந்தக் காலத்தில் பழசின் விலை ஏறியது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா பக்கம் போனபோது பார்ட்ஸ் விலையும் கூடவே போனது. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350. எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கணக்குக்குள் நின்றுதான் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தது சத்தம். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கும்போது காலடியில் "டக்" என்று ஒரு அடி. இதைக் கேட்டால் எல்லாரும் சொல்வது செயின் லூஸ் என்றுதான். செயினை இறுக்கினால் சத்தம் கொஞ்சம் குறையும், தேய்மானம் கூடும். அளவுக்கு மேல் இறுக்கிய செயின் ஷாப்ட்டையும் அதன் பேரிங்கையும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி அது இன்னும் விறைக்கும். இந்தச் சின்ன பைக்குகள் பலவற்றுக்கு நடுச் செயினில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும்.

அடுத்தது செந்தூள். கவரைக் கழற்றினால் ஸ்ப்ரொக்கட்டின் நடு ஓட்டையைச் சுற்றி மிளகாய்த்தூளில் கோப்பித்தூள் கலந்த மாதிரி ஒரு பொடி ஒட்டியிருந்தது. அது ரோட்டுச் செம்மண் இல்லை. ரெண்டு இரும்பு கிரீஸ் இல்லாமல் நாள் முழுக்க உரசிக்கொண்டதில் வந்த துரு.

பல் முழுசாகப் போய்விட்டால் எஞ்சின் கத்தும், சில்லு சுற்றாது. ஏற்றத்தில் அப்படி நடந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில்தான் எங்களுக்குப் பயம். ரெண்டாம் கியரில் எஞ்சின் பிடியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிடி சட்டென்று இல்லாமல் போனால், மிச்சம் இருப்பது மழையில் நனைந்த ட்ரம் பிரேக். பின்னால் அம்மாவோ மூட்டையோ இருக்கும். செயின் கழன்று முன்பக்கம் சிக்கினால் பின் சில்லு பூட்டிக்கொள்ளும், எஞ்சின் கேஸே உடையவும் கூடும்.

சமவெளியில் ஓடுகிற பைக்குக்கு இவ்வளவு சீக்கிரம் இது வராது. அங்கே எஞ்சின் பெரும்பாலும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பதுளையில் இருந்து பசறை, லுணுகலை என்று போகிற ஏ5 ரோட்டில் ஒவ்வொரு முடக்குக்கும் ஆக்ஸிலேட்டரை விட வேண்டும், பிடிக்க வேண்டும். விடும்போது பல்லின் ஒரு முகத்தில் அடி, பிடிக்கும்போது மறு முகத்தில். தோட்ட ரோடு இன்னும் மோசம். ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் மழை, சேறு கவருக்குள்ளே போய் இருந்த கிரீஸையும் கழுவிவிடும். அதற்கு மேல், செயின் செட் மாற்றுகிற நேரத்தில் ஷாப்ட் பல்லுக்குக் கிரீஸ் போடுகிற பழக்கம் இங்கே அநேகமாக யாருக்கும் இல்லை. பிஎம்டபிள்யூ பழைய பைக் வைத்திருப்பவர்கள் தண்டுப் பல்லுக்குக் கிரீஸ் போடுவதை ஒரு வேண்டுதல் மாதிரி செய்வார்கள். எங்களுக்கு அது ஒரு விரல் கிரீஸ், ரெண்டு நிமிச வேலை.

தேய்ந்தது எது என்பதைப் பார்க்காமல் காசை வெளியே எடுக்கக் கூடாது. பைக்கைக் கியரில் போட்டு, செயினைக் கழற்றிவிட்டு, ஸ்ப்ரொக்கட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு புது ஸ்ப்ரொக்கட் ஒன்றை அதே இடத்தில் போட்டு அதே மாதிரி திருப்ப வேண்டும். புதுசில் ஆட்டம் போய்விட்டால் ஷாப்ட் தப்பித்தது. புதுசிலும் ஆடினால் ஷாப்ட்தான். லேசாக ஆடத்தான் செய்யும், அது கணக்கில் இல்லை. பல்லின் நெற்றி தட்டையாக இருக்க வேண்டும். எங்களுடையது கத்தி முனை மாதிரி ஒடுங்கி, நடுவில் ஒரு படி விழுந்திருந்தது.

டிவிசனில் பைக் பார்க்கிற அண்ணன் பார்த்தவுடனே சொன்னார்: "தம்பி, ரெண்டு பொட்டு வெல்ட் வச்சா போதும்டா. அஞ்சு நிமிச வேல." அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்ப்ரொக்கட்டை ஷாப்ட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டால் ஆட்டம் போய்விடும், பின்னேரமே பைக் ஓடும், ஒரு நாள் சம்பளத்துக்குள் முடிந்துவிடும். நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் நாளைக்குச் சம்பளம் இல்லை என்கிற ஆளைப் பார்த்து அது தப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அந்த ரெண்டு பொட்டு பிறகு என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ப்ரொக்கட்டுக்குப் பின்னால் ரப்பர் ஒயில் சீல் இருக்கிறது, சூட்டில் அது கருகினால் எஞ்சின் ஒயில் ஒழுகும். ஷாப்ட்டின் மேல்தோல் சூடாக்கி இறுக்கிய இரும்பு, வெல்ட் பட்ட இடத்தில் அந்த இறுக்கம் போய் வெடிப்பு விடலாம். ஏர்த் கிளிப்பை பைக் பொடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழும். எல்லாவற்றையும் விட, முன் ஸ்ப்ரொக்கட்தான் முதலில் தேயும். முன்னுக்கு 14 பல், பின்னுக்கு 42 என்றால் பின் சில்லு ஒரு தடவை சுற்ற முன்னது மூன்று தடவை சுற்றுகிறது. அடுத்த செயின் செட்டுக்கு அந்த வெல்ட்டைக் கிரைண்டரால் அறுக்க வேண்டும், அறுக்கும்போது மிச்சப் பல்லும் போகும். வேறு வழியே இல்லாதவர்கள் குறைந்தபட்சம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஏர்த்தை ஸ்ப்ரொக்கட்டிலேயே மாட்டி, ஒரு பொட்டு வைத்து ஆறவிட்டு அடுத்ததை வைக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் பதுளை டவுனில் ஒரு லேத் கடைக்குப் போனோம். பாஸ் சிங்களவர், பாதி தமிழ் பாதி சிங்களத்தில் பேசுவார். ஷாப்ட்டை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மல்லி, முழுசா போகல்ல, இங்க பாருங்க" என்று நகத்தால் காட்டினார். ஸ்ப்ரொக்கட் உட்காருகிற இடத்தில் மட்டும்தான் பல் தேய்ந்திருந்தது. அதற்கு உள்ளே, சீல் பக்கமாக, நாலைந்து மில்லிமீட்டர் அகலத்துக்குப் பல் புதுசு மாதிரியே இருந்தது. ஸ்ப்ரொக்கட்டை உள்ளே தள்ளினால் செயின் கோணலாகிவிடும், அதனால் தள்ள முடியாது. ஆனால் ஸ்ப்ரொக்கட்டுக்கு உள்பக்கமாக ஒரு கழுத்தை வைத்து, அந்தக் கழுத்து நல்ல பல்லைப் பிடிக்கச் செய்யலாம்.

அதற்கு ரெண்டு புது ஸ்ப்ரொக்கட் வாங்கினோம். பழசின் உள் பல்லும் தேய்ந்திருக்கும் என்பதால் பழசு உதவாது. ஒன்றின் வெளிப் பற்களை லேத்தில் சீவி, நல்ல பல் இருக்கிற அகலத்துக்கு மெல்லிய வளையமாக்கினார். வளையத்தையும் மற்ற ஸ்ப்ரொக்கட்டையும் ஷாப்ட்டில் ஏற்றி, லொக் பிளேட்டுக்கு இருக்கிற ரெண்டு ஓட்டைகளிலும் நீளமான போல்ட் போட்டு ரெண்டையும் ஒன்றாகப் பிடிக்க வைத்தார். இப்படிச் செய்தால்தான் ரெண்டின் உள் பல்லும் ஒரே கோட்டில் நிற்கும். பிறகு அப்படியே உருவி வெளியே எடுத்து, முதலில் சூடு காட்டி, எஞ்சினுக்கு ஒரு பொறிகூடப் படாமல் மேசையில் வைத்து வெல்ட் செய்தார். நாங்கள் தண்ணீர் வாளியைத் தூக்கியதும் கையைத் தட்டிவிட்டார். சட்டென்று குளிர்ந்தால் வெல்ட் பக்கத்தில் இரும்பு வெடிக்குமாம். சாம்பல் டின்னுக்குள்ளே புதைத்து ஆறவிட்டார். ஆறுவதற்குள் நாங்கள் ரெண்டு பிளேன்டீ குடித்துவிட்டோம். கடைசியில் கிரீஸ் தடவிப் போட்டு, வளையம் சீலில் முட்டவில்லை என்று பார்த்து, புது லொக் பிளேட் மாட்டினோம். ஸ்ப்ரொக்கட் ரெண்டு, லேத் வேலை, வெல்டிங் எல்லாம் சேர்த்து, எஞ்சினைப் பிரிக்கிற செலவில் ஒரு சின்னப் பங்குதான் வந்தது.

எல்லா ஷாப்ட்டுக்கும் இது சரிவராது. உள்பக்கம் நல்ல பல் மிச்சம் இல்லாவிட்டால், சில மொடல்களில் போல அங்கே ஒரு ஸ்பேசர் இருந்தால், வழியில்லை. தேய்மானம் ரொம்பக் கொஞ்சம் என்றால் இறுக்கிப் பிடிக்கிற லொக்டைட் வகைப் பசை இருக்கிறது, ஒயில் சொட்டும் இல்லாமல் துடைத்தால்தான் பிடிக்கும், திரும்பக் கழற்றச் சூடு காட்ட வேண்டும். எங்கள் ஷாப்ட் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

சரியான வேலை என்றால் எஞ்சினை இறக்கி, கேஸை ரெண்டாகப் பிளந்து, ஷாப்ட்டை மாற்றுவதுதான். கேஸ்கட், சீல், பேரிங், ஒயில், கூலி என்று அதற்கு வாரக்கணக்கான சம்பளம் வேண்டும். பைக்கும் சில நாள் கராஜில் கிடக்கும், மூன்று பேரும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பழைய எஞ்சின்களில் இருந்து கழற்றிய ஷாப்ட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பல் எண்ணிக்கையும் கியர் உட்காரும் இடமும் அதே மொடல்தானா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்க முடியாது. எப்படியும் பிஸ்டன் வேலைக்கு இந்த எஞ்சினை ஒரு நாள் இறக்கத்தான் போகிறோம். ஷாப்ட்டையும் அன்றைக்கே மாற்றுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, வெல்ட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். மரக்கறி மூட்டை ரெண்டில் இருந்து ஒன்றாகிவிட்டது, அதற்கு மட்டும் வீட்டில் முணுமுணுப்பு. எஞ்சின் செலவுக்கு லயத்தில் ஒரு சீட்டுக்குச் சேர்ந்திருக்கிறோம். எங்கள் முறை மாசியில்.