கடலைப் பார்த்து வீடு தேடினோம்



பள்ளி விடுமுறை முடிவதற்குள், சில மாதங்களாக மனத்தில் கிடக்கும் ஒன்றை எழுதிவிட எண்ணுகிறேன். இது வீடு வாங்குவதைப் பற்றியது. என் தவறு ஒன்றைப் பற்றியதும் ஆகும்.

என் தங்கை திருமணமாகிச் சிங்கப்பூருக்குச் சென்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டாள். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, பினாங்கிலே கடலோரமா ஒரு வீடு பாருங்க. பிள்ளையோடு வந்து இருக்கணும். பாதுகாப்பான இடமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். மாப்பிள்ளைக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை. மகளுக்கு எட்டு வயது. என்னுடன் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு எண்பது வயது நிறைந்துவிட்டது. அன்று இரவு அம்மா வழக்கத்திற்கு மாறாக இரண்டு தோசை கூடுதலாக உண்டார்.

தைப்பூசத்தை ஒட்டி அவர்கள் வந்தார்கள். தண்ணீர்மலையில் தரிசனம் முடித்த மறுநாள், தஞ்சோங் பூங்காவில் மலைச்சரிவை ஒட்டியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்க்க அழைத்துச் சென்றேன். பினாங்கில் மழை குறைந்த காலம் அது. வானம் தெளிந்திருந்தது. மாடத்தில் நின்றால் முன்னால் கடல், பின்னால் பச்சை மலை. மாலை வெயில் நீரில் விழுந்த அழகைக் கண்டு தங்கை பேச்சற்று நின்றாள். வீட்டு முகவர், முன்பணம் கட்டினால் வேறு எவருக்கும் தராமல் நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை காசோலைப் புத்தகத்தைக் கொண்டு வராததற்கு வருந்தினார்.

அப்போதுதான் மருமகள் என் கையைப் பிடித்து, "மாமா, இந்தக் கடல் மேலே வருமா?" என்று கேட்டாள்.

"வராதும்மா" என்று உடனே சொல்லிவிட்டேன்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. பகல் ஒரு மணிக்கு மேல் ஆழிப்பேரலை பினாங்குக் கரையைத் தாக்கியது. இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தது. ஆயினும் எச்சரிக்க அன்று எந்த ஏற்பாடும் இல்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டார்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு கடலாடச் சென்ற குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. சுமத்திராத் தீவு குறுக்கே அரணாக நின்றதால்தான் இழப்பு அத்துடன் நின்றது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது புத்தகப்பை இல்லாமல் வந்த ஒரு மாணவனுக்கு ஆசிரியர்கள் சேர்ந்து பை வாங்கித் தந்தோம். அந்தப் பையனின் முகம் இன்றும் நினைவிலிருக்கிறது. இத்தனையும் அறிந்த நான் ஒரு குழந்தையிடம் "வராது" என்றேன்.

அந்தக் குழந்தை கேளாத கேள்வியும் ஒன்று உண்டு. கடலுக்கு அஞ்சுவோர் முதுகுப்புறத்து மலையை நோக்குவதில்லை. 2017 அக்டோபர் 21 அன்று அதே தஞ்சோங் பூங்காவில், கட்டுமானத் தளம் ஒன்றில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதையுண்டு மாண்டனர். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் பினாங்கு நீரில் மிதந்தது. அந்த இரவு அம்மாவைக் கட்டிலின் மேல் அமர்த்திவிட்டு, வாசற்படியைத் தாண்டி ஏறும் நீரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சரிவில் கட்டிய வீடுகள் யாவும் ஆபத்தானவை என்று நான் சொல்லவில்லை. தடுப்புச் சுவரின் நிலை என்ன, வடிகால் எங்கே செல்கிறது, மேலே புதிதாக மலையை வெட்டுகிறார்களா என்று கேளாமல் வாங்கலாகாது என்கிறேன். நாங்கள் மூவரும் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? தங்கை அருகில் வந்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. அம்மாவின் கடைசிக் காலத்தில் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும் என்ற தன்னலமும் அதில் கலந்திருந்தது. அதனால் நல்ல பருவத்தில், நல்ல பொழுதில், நல்லதை மட்டுமே காட்டினேன். வகுப்பில் வினாத்தாளின் எளிய பகுதியை மட்டும் நடத்திவிட்டுத் தேர்வுக்கு அனுப்பும் ஆசிரியரை நாம் மன்னிப்போமா?

மறுநாள் காலையில் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களே இப்படிச் செஞ்சா எப்படிண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்" என்றேன்.

அக்டோபரில் வந்தார்கள். இங்கு மழை மிகுந்த மாதங்களுள் அது ஒன்று. கடல் பொங்கும் நேரத்தைக் கேட்டறிந்து, கொட்டும் மழையில் கரையோரம் சென்றோம். பத்து ஃபிரிங்கிக்குச் செல்லும் வளைந்த குறுகிய சாலையில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அந்த வழி அடைபட்டால் பாலிக் புலாவ் வழியாகத் தீவைச் சுற்ற வேண்டும். அவசர வேளையில் மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பது அன்றுதான் மாப்பிள்ளைக்கு விளங்கியது. தெளிந்த நாளிலும் இக்கடலில் பிள்ளைகளைக் கவனமின்றி இறக்க இயலாது. கொடிய நஞ்சுடைய பெட்டி ஜெல்லிமீன்கள் இந்நீரில் காணப்பட்டுள்ளன. கடற்காட்சியும் நிலையானதன்று. கர்னி கடற்கரைச் சாலையில் அலைகள் மோதிய சுவரடியில் நான் சிறுவனாக நின்றிருக்கிறேன். இன்று அங்கே கடலைத் தூர்த்துப் பூங்கா அமைத்திருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். வெளிநாட்டவர் வாங்கக்கூடிய வீட்டிற்கு மாநில அரசு குறைந்தபட்ச விலை வரையறுத்துள்ளது. அதன் ஒப்புதலும் பெற வேண்டும். எனவே நம்மைப் போன்றோர் குடியிருக்கும் எளிய வீடுகள் அவர்களுக்குக் கிட்டா. சிங்கப்பூரின் மத்திய சேம நிதியை அயல்நாட்டு வீட்டிற்குப் பயன்படுத்தவும் இயலாது. கைச்சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் முடக்க வேண்டியிருக்கும்.

பெற்றோர்களே, இன்னொன்று. எங்கள் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் அயல்நாட்டுப் பிள்ளை அரசாங்க உதவிபெறும் பள்ளியில் சேரத் தனி அனுமதி தேவை. பெரும்பாலோர் பன்னாட்டுப் பள்ளியையே நாடுகின்றனர். அங்கே தமிழ்ப் பாடம் கிடைப்பது அரிது. சிங்கப்பூரில் என் மருமகள் நாள்தோறும் தாய்மொழிப் பாடம் படிக்கிறாள். தமிழர் நிறைந்த பினாங்கிற்கு வந்து அவள் தமிழை இழக்கக்கூடும் என்பதைத் தமிழாசிரியனாகிய நானே எண்ணிப் பார்க்காமல் இருந்தேன்.

இறுதியில் அவர்கள் வாங்கவில்லை. வரும் ஆண்டில் புலாவ் தீக்குஸில் ஒரு வீட்டை ஓராண்டிற்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். சந்தையும் மருத்துவமனையும் அருகில் உள்ளன. மாடத்திலிருந்து கடல் தெரியாது. சிறிது தூரம் நடந்தால் கரையை அடையலாம். மருமகளுக்கு வார இறுதிகளில் நான் தமிழ் கற்பிப்பதாக ஏற்பாடு. ஓராண்டின் மழையையும் வெயிலையும் பார்த்த பிறகு வாங்குவதா, திரும்புவதா என்று முடிவு செய்வார்கள்.

அம்மாவுக்குச் சிறிது ஏமாற்றந்தான். "வாடகை வீடுன்னா திரும்பிப் போயிடுவாங்களே" என்றார். போகக்கூடும் என்றுதான் நானும் சொன்னேன். இம்முறை உண்மையைச் சொன்னேன்.