வங்கக் கடலில் ஒரு கோடு

சட்டம் என்றதும் காவலரும் சிறைச்சாலையும் நம் நினைவுக்கு வருகின்றன. நாடுகளுக்கிடையே நிலவும் பன்னாட்டுச் சட்டத்திற்கோ தவறிழைக்கும் நாட்டைப் பிடித்து நிறுத்தக் காவலர் இல்லை. அடைத்துவைக்கச் சிறையும் இல்லை. அவ்வாறாயின் அதனைச் சட்டம் என்பது தகுமா? நெடுநாள் என்னைத் தொடர்ந்த இந்த ஐயத்திற்கு விடை தந்தது, கடலில் வரையப்பட்ட ஒரு கோடு.

1970ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குப் பின், வங்கக் கடலில் அரிபங்கா ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது. நாம் அதனை நியூ மூர் தீவு என்றோம். வங்காளதேசத்தார் தெற்குத் தால்பட்டி என்றனர். எவரும் குடியிராத அத்திட்டை இரு நாடுகளும் தமதென்றன. பின்னாளில் கடலே அதனை விழுங்கிற்று. திட்டு மறைந்தும் பூசல் மறையவில்லை; ஏனெனில் எல்லை வகுக்கப்படாத கடலும் அதன் வளமும் அப்படியே இருந்தன.

2009இல் வங்காளதேசம், ஐக்கிய நாடுகளின் கடல்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. இரு கரைகளிலிருந்தும் சமதொலைவில் கோடு வரைய வேண்டும் என்றது இந்தியா. உட்குழிந்த தன் கடற்கரைக்கு அம்முறை நீதியாகாது என்றது வங்காளதேசம். தீர்ப்பாயம் சமதொலைவுக் கோட்டையே முதலில் வரைந்து, பின்னர் அக்குழிவைக் கருதி அதனைத் திருத்தியது. 2014 சூலை 7இல் வழங்கிய தீர்ப்பில், பூசலுக்குரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்காளதேசத்திற்கு அளித்தது. மணல்திட்டு இருந்த இடம் நம் பக்கம் அமைந்தது. படைவலிமையில் பன்மடங்கு பெரிய இந்தியா அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

நாடுகள் யாவும் இறையாண்மையில் சமம். பூசல்களை அமைதி வழியில் தீர்த்தல் வேண்டும் என்பன 1945இல் உருவான ஐ.நா. பட்டயத்தின் நெறிகள். ஏட்டில் கிடந்த அந்நெறிகள் வங்கக் கடலில் உயிர்பெற்றதை நான் கண்டேன். எங்கும் இவ்வாறே நிகழ்கிறது என்று சொல்வதற்கில்லை. நிகரகுவா வழக்கில் 1986இல் வந்த தீர்ப்பை அமெரிக்காவும், தென்சீனக் கடல் வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பைச் சீனாவும் ஏற்க மறுத்தன. பன்னாட்டுச் சட்டத்தின் வலிமை, வலியோர் தம்மை அடக்கிக்கொள்வதில் இருக்கிறது. அதன் மெலிவும் அங்கேயே இருக்கிறது.

ஆயினும் அந்த அடக்கம் வீண்போவதில்லை. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. அவருக்கு விதித்த தண்டனையைப் பாகிஸ்தான் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அதனை மதியுங்கள் என அண்டை நாட்டிடம் கேட்க நமக்கு ஒரு தகுதி வேண்டும். தமக்குப் பாதகமான தீர்ப்பையும் ஏற்றவர்க்கே அத்தகுதி உரியது.