அந்த ஒரு சோறு நாமாக இருந்தால்...

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். தரவுத் துறையில் இருக்கும் எனக்கு, என் வேலையை வீட்டில் விளக்க இந்தப் பழமொழிதான் கைகொடுக்கிறது. ஆனால், பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பதம் சரி. மேலே அரைவேக்காடாகவும் அடியில் குழைந்தும் இருந்தால், சோற்றை எங்கிருந்து எடுத்தோம் என்பதே முக்கியம்.

2023 செப்டம்பர் 1ஆம் தேதி நடந்த அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2.5 மில்லியன் வாக்குகள். எண்ணி முடிக்கும் முன்பே மாதிரி வாக்கு எண்ணிக்கை வெளிவந்தது: திரு தர்மன் சண்முகரத்னத்துக்கு 70 விழுக்காடு. நள்ளிரவைத் தாண்டி வந்த இறுதி முடிவு 70.4 விழுக்காடு. “எல்லாத்தையும் எண்ணாம எப்படிம்மா சொல்றாங்க?” என்று அம்மா வியந்தார்.

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் யாருடையது என்று பாராமல் 100 வாக்குச்சீட்டுகளை எடுக்கிறார்கள். அந்த நிலையத்தில் எத்தனை பேர் வாக்களித்தார்களோ, அதற்கேற்ப எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். எந்த வட்டாரமும் விடுபடுவதில்லை. அதனால்தான் முடிவு இவ்வளவு நெருங்கி வருகிறது.

அளவு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. 1936ல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் சுமார் 10 மில்லியன் பேருக்கு அஞ்சல் அனுப்பி, 2 மில்லியனுக்கும் அதிகமான பதில்களைப் பெற்றது. ஆல்ஃப் லேண்டன்தான் அடுத்த அதிபர் என்றது. வென்றதோ ரூஸ்வெல்ட், அதுவும் 60 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளுடன்! முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலும் கார் பதிவேடுகளிலும் எடுத்தவை. பொருளியல் மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். பதில் அனுப்பாதவர்களின் எண்ணமும் கணக்கில் வரவில்லை.

இந்தக் கதையை அப்பாவிடமும் சொல்ல நேர்ந்தது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்புக் கடிதம் ஒன்று வந்தது. “நம்ம புளோக்குல இத்தனை வீடு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கட்டுமே” என்றார்.

“குலுக்கல்ல வந்தது நம்ம வீடுப்பா. பக்கத்து வீட்டுல தமிழா பேசுறாங்க?” என்றேன். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் எந்த மொழி பேசுகிறோம் என்ற கேள்வி எல்லா வீடுகளுக்கும் போகவில்லை. சுமார் 150,000 வீடுகளைக் கொண்ட மாதிரியிடம்தான் கேட்கப்பட்டது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அதாவது, சமவாய்ப்பு முறையில் ஆயிரம் பேரை எடுத்தால் நம்மவர் சுமார் 25 பேர்தான். அவர்களில் பத்துப் பேர் பதில் சொல்லாமல் போனால், மற்றவர்கள் எல்லாரும் பதில் சொன்னாலும், 2.5 விழுக்காடு 1.5 ஆகச் சுருங்கிவிடும். தமிழ் பேசுவோர் குறையவில்லை, கணக்கு மட்டும் குறையும்.

பெரிய சமூகத்தில் பத்துப் பேர் விலகினால் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் கணக்கெடுப்பாளர் வந்தால், அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டுப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நம் வீட்டின் பதில் நம் வீட்டுக்கு மட்டுமானதன்று. குலுக்கலில் வராத எத்தனையோ தமிழ் வீடுகளுக்கும் அதுவே பதில்.